துணை வேண்டாத சொற்கள்

போன வாரம் மும்தாஜ் போன் செய்தாள். என் பள்ளித் தோழி. துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாளாம். ஏர்போர்ட்டிலிருந்து பேசினாள்.

"துணைக்கு யாரு வாரா?" என்று கேட்டேன்.

"பை பிளேன்தான போறேன்... துணை எதுக்குட்டி?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதில் என்ன சிரிப்பு என்கிறீர்களா?

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் நாங்கள் இருவரும் பிளஸ் டூ இங்கிலீஷில் ஜோராகக் கோட்டை விட்டிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் டுடோரியலுக்கு பஸ்ஸில் போய்வருவோம். அங்கே இங்கிலீஷ் சார், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'எ', 'தி' எல்லாம் துணைக்கு வரும் ஆட்கள் என்பார். "ஆனா 'பை பஸ்', 'அட் ஹோம்'... இதுக்கெல்லாம் துணை வேண்டாம். தனியாப் போயிரும்."

"குடுத்து வச்ச பஸ்சு" என்றாள் மும்தாஜ், என் காதோரம்.

பின்னே? அவளை வீட்டில் தனியாக அனுப்ப மாட்டார்கள். நான் கூடப் போவதால்தான் டுடோரியலே. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த அவள் அப்பா, அவள் வாயில் 'அத்தா', கறாராகச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவை பாஸானா காலேஜு. இல்லேன்னா நிக்கா."

பரீட்சைக்கு முதல் நாள் எனக்கு அம்மை போட்டுவிட்டது. அத்தாவோ சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். மும்தாஜ் அழுத அழுகை... கடைசியில் அவள் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "நான் வாரேன், நட."

அம்மா அதுவரை ஆண்துணை இல்லாமல் பஸ் ஏறியதே இல்லை. எந்த பஸ், எங்கே இறங்குவது — ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் மகள் கையை விடவே இல்லையாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பரீட்சை நடந்த ஸ்கூல் வாசலில், அம்மாவை மரத்தடியில் உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, "எங்கயும் போயிராதீங்க" என்று பத்திரம் சொல்லி முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. அடித்துப் பிடித்து உள்ளே ஓடினாளாம்.

திரும்பி வந்து ராஜபாளையத்தில் இறங்கியதும் அம்மா சொன்னார்.

"நாளைக்கு ரெண்டாவது பேப்பருக்கு நீ தனியாவே போயிட்டு வா. என்னையப் பாத்துக்கிடவே உனக்கு நேரம் சரியாப் போவுது. அத்தாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் சாயங்காலம், வேப்பிலைக்கு நடுவே நான் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மும்தாஜ் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பை பஸ் போயிட்டு வந்துட்டேன்ட்டி."

பாஸானாள். காலேஜும் போனாள். இப்போது துபாய்.

அவளுக்குத் துணையாகப் போன நான்? மதுரைக்குப் போவதென்றால் இன்றைக்கும் வீட்டில் யாராவது கூட வரவேண்டும்.