ஊதின பாக்கெட்

எங்கள் தெருப் பெட்டிக்கடையில் சிப்ஸ் வாங்குகிறவர்கள் யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். கும்மென்று இருந்தால் புதுசு. சப்பையாக இருந்தால் காத்து போனது, நமுத்துப்போயிருக்கும், வேறு கொடு என்பார்கள். திருவொற்றியூரில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நானும் அப்படி அமுக்கிப் பார்த்தே வளர்ந்தவள்தான்.

அதனால் எங்கள் மகளிர் குழு கருவாட்டைக் காற்றில்லாமல் பாக்கெட் போட்டு விற்கக் கிளம்பியபோது, வாங்கினவர்களில் பாதிப் பேர் திருப்பிக்கொண்டு வந்து நின்றார்கள். மெஷின் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு வாயை ஒட்டும். நெத்திலியின் முள் தெரிகிற அளவுக்கு பிளாஸ்டிக் அதன் மேல் படிந்துவிடும். அதுதான் அந்த பாக்கெட்டின் பெருமையே. வாங்குகிறவர்களுக்கு அது புரிய வேண்டுமே. ஒரு அம்மா பாக்கெட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டி, காத்து போனதை என் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டைக்கு வந்தார். "காத்தா துன்னப்போறே? கருவாடுதானே?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களிடம் வாங்குவதில்லை.

திறந்து வைத்து விற்கவும் முடியாது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று கிளப்புகிற புழுதி ஒரு பக்கம். எண்ணூர் பக்கமிருந்து காற்றடித்தால் காயப்போட்ட மீன் மேல் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படியும். போதாக்குறைக்கு, மீன் கெடாமல் இருக்க மருந்து அடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்கள் சிலர் பையில் சோதனைக் காகிதம் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மீன் மேல் அதைத் தேய்த்து, ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று அங்கேயே நின்று பார்க்கிறார்கள். மீன்காரப் பெண்கள் அவர்களை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கருவாடு ஓரளவு பழகினதும் குழுவில் ஆசை பெரிதானது. மாத்தூரில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள் பெரிய மெஷின்களை முறைவைத்துப் பயன்படுத்தலாம். அங்கேதான் ரிட்டார்ட் என்பதைப் பார்த்தேன். படுக்கவைத்த குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே ஒரு ஆள் படுக்கலாம். சமைத்த குழம்பை வெள்ளிநிறப் பையில் ஊற்றி, வாயை ஒட்டி, அடுக்கி உள்ளே தள்ளி, ஆவியில் வேகவைத்து எடுத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாதாம். நம்பவே முடியவில்லை. காலையில் வைத்த சாம்பார் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகிற ஊர் இது.

சொல்லிக்கொடுக்க ஒரு சின்னப் பெண் வருவாள். எங்களில் பலருக்கு மகள் வயது. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பெட்டி மேல் ஒட்டுகிற ஒரு வட்ட ஸ்டிக்கரை அவள் ஒருநாள் காட்டினாள். உள்ளே இருக்கிற மீன் கெடக் கெட அது நிறம் மாறுமாம். என் வீட்டுக்காரருக்கும் ஒன்று கொடு, சட்டையில் ஒட்டிவிடுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டு பாடத்துக்கு வந்தாள். பையின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கோ வெங்காயச் சருகோ சிக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஒவ்வொரு ஈட்டிலும் சில பைகளை விற்காமல் வீட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். பை சப்பையாகவே இருந்தால் நல்லது. ஊதினால் உள்ளே கிருமி வளர்கிறது என்று அர்த்தம். வாசனை மாறாமலே இருக்கலாம், ருசியும் மாறாமலே இருக்கலாம், ஒரு வாய் போதும் ஆளை முடிக்க. சிப்ஸ் பாக்கெட் புத்தியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்றாள்.

நான் கழற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே உம் உம் என்றார். நான் சொல்வதில் பாதி அவர் காதுக்குப் போகும், மீதி கூரையைப் பார்த்துப் போகும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவர் காசிமேட்டிலிருந்து தங்கல் போகிற விசைப்படகில் வேலை செய்கிறார். தங்கல் என்றால் போனால் ஒரு வாரம் பத்து நாள் கடலிலேயே இருந்து மீன் பிடிப்பது. கரைக்கு வந்ததும், மீனையே தின்று நாக்கு செத்துப்போச்சு என்று புலம்புவார். கடலில் அவருக்குப் பொழுதுபோக்கு சிகரெட் ஒன்றுதான். அதற்காக நான் போடாத சண்டை இல்லை. குழுவுக்கு இறால் தொக்கு போட்டபோது, அவருக்கென்று தனியாக ஆட்டுக்கறித் தொக்கு செய்து அதே மெஷினில் வேகவைத்துக்கொண்டேன். கவனிக்க வேண்டிய நாளெல்லாம் கவனித்தேன். எல்லாப் பைகளும் சப்பையாகவே இருந்தன. ஐஸ் ஏற்றி, டீசல் போட்டுப் படகு கிளம்புகிற அன்று அவர் பையில் அடுக்கிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் சாட்சிக்காகப் பரண் மேல் வைத்துவிட்டேன். படகில் இருக்கிற மற்றவர்களுக்கும் கொடு என்று நான் சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்ததாம்.

அவர் போன பிறகு ஒருநாள் பரணிலிருந்து அரிசிச் சாக்கை இறக்கும்போது அந்தப் பை கையில் பட்டது. தலையணை மாதிரி இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மூலைகள் விறைத்து நின்றன. ஒரே சட்டியில் வெந்த கறி. ஒரே நாளில் ஒட்டிய வாய்கள். இங்கே ஒன்று ஊதியிருக்கிறதென்றால் அங்கே எத்தனை ஊதியிருக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஊதினதைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் தூக்கி எறியமாட்டார். இதுதான் புதுசு என்று முதலில் அதைத்தான் பிரிப்பார்.

டீச்சருக்குப் போன் போட்டேன். பதறாதீர்கள், ஓட்டை ரொம்ப நுணுக்கமாக இருந்தால் இப்படித் தாமதமாகத்தான் ஊதும், ஒவ்வொரு பையின் வாயும் தனி, சப்பையாக இருக்கிற பைகளால் ஆபத்தில்லை என்றாள். ஊதினதை மட்டும் தொடக்கூடாது, திறந்து முகரவும் கூடாது. நடுக்கடலில் இருக்கிற ஆளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் செல்போன் துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும்.

புடவையைக்கூட மாற்றாமல் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். படகு ஓனரின் கொட்டகையில் ஒரு வாக்கி டாக்கி உண்டு. ஓனர் நல்ல மனுஷன், வயதானவர். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயச் சருகு, கிருமி, குக்கர், ஓட்டை எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். நம் படகு ஆழத்தில் இருக்கிறது, நேராக எட்டாது, நடுவில் இருக்கிற படகுக்குச் சொல்லி, அது இன்னொன்றுக்குச் சொல்லி, அப்படித்தான் போய்ச் சேரும் என்று விளக்கினார்.

"ரெண்டே வார்த்தைல சொல்லு தங்கச்சி. நீட்டி மொழக்குனா பாதி கடல்லயே காணாப்பூடும்."

நான் யோசித்தேன். வாழ்க்கையில் நான் எதையும் இரண்டு வார்த்தையில் சொன்னதில்லை. ஊதின பாக்கெட்டைத் தொடவேண்டாம், இவ்வளவுதான் என்றேன். அவர் கருவியை வாயருகே வைத்து அதையே இரண்டு தரம் கத்தினார். கரகரவென்று சத்தம் வந்தது. யாரோ ஏதோ கேட்டார்கள். இவர் மறுபடி கத்தினார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொன்னார். வெளியே வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுவிடக் கூடாது என்று டீயைக் குடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ஓனர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "சரின்ட்டானாம்மா. இனிமே தொடமாட்டானாம். அப்பவே கடல்ல தூக்கிக் கடாசிட்டானாம்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கடலிலேயே எறிந்துவிட்டார் என்றால் இனி என்ன பயம். ஒரு தரம் சொன்னதும் கேட்டுவிட்டாரே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. பரண் மேல் இருந்த பையை மாத்தூருக்கு எடுத்துப் போனேன். டீச்சர் கையுறை போட்டு வாங்கி, வாயை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். தலைமுடி கனத்தில் ஒரு வெங்காயச் சருகு குறுக்கே கிடந்தது. இனிமேல் வெங்காயத்தை அரைத்துத்தான் போடுவது என்று குழுவில் முடிவு செய்தோம். அந்த நாட்களில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

படகு திரும்பிய அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். கறுத்துப்போய், தாடியோடு. முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. கோபமா பெருமையா என்று தெரியவில்லை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"இன்னாமே நெனச்சிகினு கீறே நீ? அத்தினி போட்டும் கேட்டுகினு கீது. ஊதுற பாக்கெட்டத் தொடாதேன்னு வாக்கி டாக்கில சொல்லி அனுப்புறே. காசிமேடே சிரிக்குது. அதான் வெறுத்துப் பூட்டு சிகரெட்ட கடல்ல கடாசிட்டேன்."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஊதின பாக்கெட் மூன்று வாய் மாறிப் போய் ஊதுற பாக்கெட் ஆகியிருக்கிறது. கடலில் விழுந்தது சிகரெட் பாக்கெட். சிகரெட்டை விட்டதற்குப் பாராட்டை எதிர்பார்த்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டேன்.

"பசங்க வழிச்சித் துன்னுட்டானுங்க" என்றபடி எழுந்துபோய்த் தன் பையைத் துழாவினார். துணிகளுக்கு நடுவிலிருந்து பத்திரமாக ஒன்றை எடுத்தார். கும்மென்று இருந்தது.

"எல்லாம் சப்பையா காத்து போய்க் கெடந்துச்சி. இது ஒண்ணுதான் நல்லா கீது. போட்டு டிரைவரு கேட்டான், குடுக்கலியே. அத்தினியும் ஆக்கி எனக்கே கட்டிக் குட்த்தே, நீ ஒரு வாய் வச்சிருக்க மாட்டே. சோத்தப் போடு, துன்னு."

பிரிக்க மூலையைப் பல்லில் வைக்கப் போனார். நான் பாய்ந்து பிடுங்கினேன். தோளில் இரண்டு அடியும் வைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் திகைத்துப்போய் நின்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், இந்தத் தரம் நீட்டி முழக்கித்தான் சொன்னேன். பரண், சருகு, கிருமி, ஒரு வாய் போதும் என்று டீச்சர் சொன்னது, எல்லாம். இந்தத் தரம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

கேட்டு முடித்ததும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் மடியில் இருந்த பையையே பார்த்தார். தொடக்கூட இல்லை.

"இத்த உனக்குல்லமே எடுத்தாந்தேன்" என்றார். "உன்கிட்டல்லமே துன்னுன்னு சொன்னேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். படகில் அவரே அதைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை.