மூன்றாம் ஜன்னலின் புருவம்

ஜன்னலுக்குள் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "வாங்க, சொல்லுங்க" என்று சிரித்தார். உடைந்த குழாயைப் பற்றிப் புகார் சொல்ல வந்த பெண்மணி ஓரடி பின்வாங்கினார்.

"கோவப்படாதீங்க மேடம், நான் அப்புறமா வர்றேன்."

போயே போய்விட்டார்.

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருபத்திரண்டு வருடங்களாக இதே கதைதான். மற்ற ஜன்னல்களில் வரிசை வாசல்வரை வளைந்து நிற்கும். இங்கே ஈ, காக்காய் இருக்காது. அம்மாளுக்கோ பச்சைப்பிள்ளை மனசு. பேனாவை யாராவது இரவல் வாங்கிப் போனால் திருப்பிக் கேட்க நாக்கு எழாது. கெடுத்ததெல்லாம் புருவங்கள். பிறவியிலேயே கனத்தவை, ஐம்பதைத் தாண்டியதும் சரிந்து கண்மேலேயே உட்கார்ந்துகொண்டன. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இடி' என்று பெயர். "எனக்குக் கோவமே வராதுங்க" என்று அவர் சொன்னால், அதையும் மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மேலதிகாரி தயங்கித் தயங்கி, "பழைய ஃபைல் ரூமுக்கு மாறிக்கிறீங்களா? ஜனங்க பயப்படுறாங்க" என்றார். நாலு பேரிடம் பேசினால்தான் சோறு இறங்கும் என்கிற அம்மாளுக்கு அது நெஞ்சில் தைத்தது. மறுவாரமே, புருவத்தை உயர்த்தும் அறுவைசிகிச்சை பற்றிக் கேட்க, கணவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். கையில் பதினாறு கேள்விகள் எழுதிய தாள்.

"தூங்கும்போது கண்ணு மூடுமா டாக்டர்?"

"மூடும். மொதல்ல கொஞ்சம் இறுக்கமா இருக்கும். சில பேருக்கு இமைத்தோல்தான் தொங்கும், அதுக்கு இது சரிப்படாது. உங்களுக்குப் புருவம்தான். சிகரெட் உண்டா?"

"ஐயோ, இவரே விட்டுட்டார்!"

டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. முடிக்குள் சின்னச் சின்ன வெட்டு, இரண்டு வாரம் வீக்கம், உச்சந்தலை மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம், இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி வராது என்று அடுக்கினார். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

கணவர் மெல்ல வாய் திறந்தார். "இவ முகத்தைப் பாத்துதான் டாக்டர், எங்க தெருவுல யாரும் வம்புக்கே வர்றதில்ல."

அம்மாள் திரும்பிப் பார்த்தார். அவர் அவசரமாகக் கேள்வித் தாளைப் படிக்க ஆரம்பித்தார்.

"நல்லா வந்தா யாருமே கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "முகம் மாறும். மத்தவங்க மாறுவாங்களான்னு நான் எழுதித் தர முடியாது."

அம்மாள் செய்துகொண்டார். இரண்டு தலையணையில் சாய்ந்தபடி தூங்கினார். தலை சீவினால் பக்கத்து வீட்டுக்காரி தலையைச் சீவுவது போல இருந்தது. கண்ணைச் சுற்றிய நீலம் மஞ்சளாகி மறைந்தது. நாலாவது வாரம் வேலைக்குத் திரும்பினார்.

"லீவுல நல்லாத் தூங்குனீங்க போல" என்றார் பக்கத்து ஜன்னல்காரர். அவ்வளவுதான். தூக்கி நிறுத்திய முகம் தொங்கிப்போயிற்று.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்து ஜன்னல் பலகையில் ஓங்கித் தட்டினார். "நாலு நாளா சொட்டுத் தண்ணி இல்ல! என்னம்மா வேலை பாக்குறீங்க? உங்க வீட்டுல வராட்டி இப்படித்தான் உக்காந்திருப்பீங்களா?"

மூன்றாம் ஜன்னலில் இதுவரை ஒருவரும் குரலை உயர்த்தியதில்லை. பக்கத்து ஜன்னல்காரர் பதறி எழுந்தார். அம்மாள் அவரைக் கையமர்த்தினார்.

"சொல்லுங்க சார், இன்னும் சொல்லுங்க" என்று, நாற்காலியை ஜன்னலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.