ராத்தா தர மறுத்த கடைசிப் பாகம்

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியும் ஆண்களும் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பியதும், கண்டி கொழும்பு வீதியில் இருந்த எங்கள் புடவைக் கடையின் கதவைப் பாதி சாத்திவிடுவோம். அவர்கள் திரும்பும்வரை கடை எங்கள் மூன்று பேருடையது. காசாளராக இருந்த அக்குறணைக்காரரை முஸ்லிம் வழக்கில் ராத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவோம். அவர் துணி வெட்டும் கத்தரிக்கோலின் நுனியால் புது மாத நாவலின் கம்பிப் பின்களை நெம்பி எடுத்து, புத்தகத்தை மூன்றாகப் பிரிப்பார். சேர்ந்து வாங்கிய புத்தகம். ஒருவர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க முடியாது என்பதால் கண்டுபிடித்த ஏற்பாடு அது. முதல் பாகம் என்னோடு புடவைப் பகுதியில் நின்ற அக்காவுக்கு. நடுப்பாகம் எனக்கு, கதையில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமலே நான் அழத் தொடங்குவேன். கடைசிப் பாகத்தை ராத்தா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "முடிவு தெரிஞ்சாத்தான் புள்ள எனக்கு நெஞ்சு படபடக்காம வாசிக்க ஏலும்" என்பார். படித்ததைப் பிறகு மாற்றிக்கொள்வோம். முடிவை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

அந்த நாவல்களை ஏளனம் செய்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். கட்டாயக் கல்யாணம், சந்தேகம், பிரிவு, கண்ணீர், கடைசியில் சேர்ந்துவிடுவது, எல்லாம் ஒரே கதைதானே என்பார்கள். ஒரே கதைதான். எங்களுக்கு மட்டும் அது தெரியாதா? தெரிந்துதான் மாதாமாதம் வாங்கினோம். எதற்காக வாங்கினோம் என்பது எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

அக்காவை வத்தேகமவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கடையில் வேலை செய்த பெண் என்பதால் புருஷனுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஒரு மாலை, மருந்து வாங்கப் போய் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தவளை, எவனோடு சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்டு, கைக்குழந்தையோடு மழையில் நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டான். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ஜன்னலைத் திறந்து பார்த்தன. அந்தக் கோலத்தோடு கட்டுக்கலையில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பழைய வேலைக்குத் திரும்பினாள். அண்ணன் நல்லவர். ஆனால் சின்ன வீடு, அவருக்கும் பிள்ளைகள். தங்கை புருஷனோடு போய்விட்டால் தேவலை என்ற நினைப்பு அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறோம் என்று வத்தேகமவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது, நாங்கள் அந்த மாத நாவலைப் பிரித்து மூன்று நாள் கழித்துத்தான்.

கதையிலும் ஒருத்தி புருஷனுடைய சந்தேகத்தால் வீட்டைவிட்டு வந்திருந்தாள். முதல் பாகத்தையும் நடுப்பாகத்தையும் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிட்ட அக்கா, புடவை மடித்தபடி, "அவ என்ன செய்றான்னு பார்த்துட்டு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ராத்தா சிரிக்கவில்லை. புதன்கிழமை கேட்டதற்கு, பாகம் வீட்டில் மறந்துவிட்டது என்றார். வியாழக்கிழமை, அவருடைய மைத்துனி வாங்கிக்கொண்டு போனாளாம். ஒரு தாளைக்கூடத் தவறவிடாத மனுஷி இப்படிச் சொன்னால் யார் நம்புவது? அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் அந்தப் பாகம் இருந்ததை நான் பார்த்தேன். கணக்கு மேசைக்குக் கீழே காலால் பையை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். கதை எப்படி முடிகிறது என்று ராத்தாவிடம் என்னால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அக்கா வாடிக்கையாளர்களுக்குச் சேலை விரித்தாள்.

சனிக்கிழமை கடை மூடும் நேரம் அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "ராத்தா, நான் சின்னப்புள்ள இல்ல. குடுங்க." ராத்தா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை அக்கா சொல்லியனுப்பியதால் அந்த அண்ணன் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். முன்னறையில் போட்டிருந்த கதிரைகளில் அவளுடைய புருஷனும், அவனுடைய மாமாவும், அக்காள்காரியும் உட்கார்ந்திருந்தார்கள். வாழைப்பழச் சீப்பும் கேக் பெட்டியும் மேசையில் இருந்தன. அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடம், கதை என்ன ஆனது என்று மெதுவாகக் கேட்டேன். கணவன் அவளுடைய வீட்டு வாசலுக்கு வந்து, அவளுடைய அப்பாவுக்கு முன்னால், தான் செய்ததையெல்லாம் தன் வாயாலேயே சொல்லி அழுகிறான் என்றாள். அவள் அவனோடு போய்விடுகிறாளாம். சொல்லும்போது அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. போய்விடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

முன்னறையில் மாமா பேசினார். குடும்பமென்றால் நாலும் இருக்கும் என்றார். அக்காள்காரி, தம்பி ராத்திரியில் தூங்குவதில்லை, புள்ளையைத் தேடுகிறான் என்றாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அக்கா நிலைக்கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பேசுறீங்க. அவரு பேசட்டும்" என்றாள்.

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

"அன்னைக்கு ஏன் கதவப் பூட்டுனீங்க?"

அவன் சுவரில் தொங்கிய சாமிப் படத்தைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அக்கா காத்திருந்தாள். அவள் காத்திருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வார்த்தை, அதுவும் அரைகுறையாக வந்திருந்தால்கூட, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்திருப்பாள். அவனோடு வாழ அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அதை நான் அப்போதுதான் கண்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் அவன். "சேலையக் கட்டிட்டு வா. பஸ் போயிரும்."

அக்கா மேசையிலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். "ஆமா, போயிரும். நீங்க கெளம்புங்க" என்றாள்.

அண்ணன் அன்று அவளோடு பேசவில்லை. பிறகும் நெடுநாள் பேசவில்லை. குழந்தையோடு ஒரு வாடகை அறைக்குப் போகும்வரை அந்த வீட்டில் அவள் பட்டது கொஞ்சமல்ல. அந்த நாவலைப் படித்துத்தான் கெட்டுப்போனாள் என்று சொன்னவர்களும் உண்டு. கதை அவளைப் போகத்தான் சொன்னது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் வளர்ந்த வீட்டில் எந்த ஆணும் எந்தப் பெண்ணிடமும் 'நான் செய்தது பிழை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா தங்கமான மனுஷன், அவரும் சொன்னதில்லை. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நாங்கள் மாதாமாதம் பின்களை நெம்பினோம். இப்போது என் மருமகள் சோறு வேகும் நேரத்தில் கைப்பேசியில் தொடர்கதை படிக்கிறாள். நாயகன் மன்னிப்புக் கேட்கும் அத்தியாயம் வந்தால் அடுப்பை மறந்துவிடுகிறாள். நான் போய் அணைத்துவிட்டு வருகிறேன், திட்டுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, கடை திறந்ததும் ராத்தா தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். "கோவமா புள்ள? அந்த முடிவ வாசிச்சா நீயும் மனசு எளகிப் போயிருவியோன்டு பயந்துதான் தராம வெச்சிருந்தேன்."

அக்கா கடைசிப் பாகத்தை அவரிடம் நீட்டினாள்.

"நல்ல முடிவுதான் ராத்தா. அவன் சொன்னான், அவ போனா."

பிறகு அன்றைக்கு வந்த முதல் வாடிக்கையாளருக்குச் சேலை விரிக்கப் போனாள்.