ஊர்க்காலெல்லாம் பிடித்த கை

செருப்புக்கடையில் முப்பது வருஷமாக முட்டி போட்டு, ஊர்க்காலெல்லாம் பிடித்தவர் அவர். காலைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவார். முழங்கையிலும் விரல் மூட்டிலும் சொரியாசிஸ் வந்து செதில் உதிர ஆரம்பித்ததும் முதலாளி கத்தினார்.

"யோவ் மாவுமில்லு, கறுப்பு ஷூ மேல பவுடர் அடிக்கிறியா? குடோனுக்குப் போய்யா!"

குடோனில் ஏணி ஏறி இறங்கினார். ஒருநாள் விடியும்போது வலது கால் கட்டைவிரல் மிளகாய்ப்பழமாகச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வாரம்தான் மகளுக்குப் பெண் குழந்தை. தூக்கிக் கொஞ்சத் துடித்தார். சம்பந்தியம்மா போனிலேயே தடுத்துவிட்டாள்.

"வேணாம்னு சொல்லல. தோல் சரியானதும் வாங்க."

புதுத்தோல் முளைக்கட்டும் என்று மனைவி தினமும் ஈரல் வறுத்துப் போட்டாள். பேத்திக்காகத் தின்றார். கால் விரல் இன்னும் வீங்கியது. நொண்டிக்கொண்டே டாக்டரம்மாவிடம் போனார்.

"ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறி, கால் விரல் மூட்டுல படிஞ்சிருக்கு. உங்க தோல் அவசர அவசரமா வளர்ந்து உதிருது. அந்தக் கழிவுலயும் யூரிக் ஆசிட் உண்டாகும். சொரியாசிஸ் இருக்கிற நிறைய பேருக்கு இப்படி ஏறும். ஈரல் வேறயா? எரியுற தீயில எண்ணெய்!"

"இந்தத் தோல் நோய் ஒட்டுமா, டாக்டரம்மா?"

"கட்டிப் பிடிச்சாலும் ஒட்டாது."

"அதை எழுதிக் குடுங்க."

ஊருக்கே செருப்பு மாட்டிவிட்டவர், ஒற்றைச் செருப்போடு மகளின் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றார். சம்பந்தியம்மா சீட்டைப் படித்தாள்.

"எழுத்து அழகாத்தான் இருக்கு. அந்தம்மா தன் பிள்ளைய உங்க கையில குடுப்பாங்களா?"

மகள் தரையைப் பார்த்தாள். "காலை மட்டும் தொட்டுக்கோங்கப்பா. சாக்ஸ் போட்டிருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலருகே முட்டி போட்டார். அவர் கைக் கட்டைவிரல் நீளம்தான் பாதம்! எந்தக் கடையிலும் இல்லாத அளவு. அந்தக் கள்ளி கையை நீட்டி அவர் விரலைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். செதிலும் தெரியாது, சீட்டும் தெரியாது அவளுக்கு. சிரித்தது போலக்கூட இருந்தது.

"ஐயையோ, விடுடி!"

சம்பந்தியம்மா அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தை வீறிட்டது. தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மகளும் பின்னாலேயே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா சோப்பு போட்டுக் கழுவிடுங்க அத்தை," என்றது மகளின் குரல்.

அவர் முட்டி போட்டபடியே இருந்தார். எழுந்திருக்கக் கால் வரவில்லை.