மொட்டையடித்த புல்

எங்கள் பயிர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். கடற்காற்றில் ஆளுயர நேப்பியர் புல் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது. முத்தையாபுரத்துக்குத் தெற்கே, முதலாளியின் தரிசில் வளர்க்கிறோம். வெட்டிக் காயவைத்துக் கட்டியாக அழுத்தினால், ஆலைக் கொதிகலனில் நிலக்கரிக்குப் பதிலாக எரியும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சுவதும் காவலும் என் வேலை. தூக்கம் பிடிக்காதவனுக்கு ஏற்ற வேலைதான். ராப்பணி பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணவாய்க்கு ஒரு கட்டு

ஒரு சாயங்காலம் பெரியதாழையிலிருந்து மீனவர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். செடிகொடிகளைக் கட்டிக் கடலில் இறக்கினால் கணவாய் மீன் வந்து அடையுமாம். அதற்கு ஒரு கட்டுப் புல் வேண்டுமாம். இது எரிக்கிற புல், கணக்கு உண்டு, தர முடியாது என்றேன். ஒரு தோகையை உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கரியாப் போறதுக்கா இம்புட்டு உசரம் வளக்கீரு? நாலு நாளு கணவாயாவது குடியிருந்துட்டுப் போட்டும்வே."

தரையோடு தரையாக

முதல் அறுப்புக்கு வந்தவர்கள் முழங்கால் உயரம் விட்டு அறுக்கப் பார்த்தார்கள். செல்போனில் பார்த்துக் கற்றவன் நான். தரையோடு வெட்டினால்தான் நன்றாகத் தூர் கட்டித் துளிர்க்கும் என்று பிடிவாதமாக வெட்டவைத்தேன். ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் தழைக்கும் என்று முதலாளியை இதில் இறக்கிவிட்டதும் நான்தான். வயலைப் பார்த்து அவர் முகம் செத்துப்போயிற்று. துளிர்க்காவிட்டால் லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றார். நிலம் போனால் என் வேலையும் போகும். வண்டியில் ஏறும்போது கேட்டார்:

"திருச்செந்தூர்ல மொட்டை போட்டா முடி தானா மொளைக்கும். இது மொளைக்குமா, சொல்லும்."

லூர்தக்காவின் மாடு

அதன்பிறகு தினமும் தூர்களைக் குனிந்து குனிந்து பார்த்தேன். எல்லாம் வெறும் பழுப்புக் கட்டை. ஒரு விடியற்காலை, வீட்டுக்குக் கிளம்புகிற நேரம், பக்கத்துத் தெரு லூர்தக்கா அறுந்த கயிற்றோடு ஓடி வந்தாள். அவள் மாடு வயல் நடுவே தலையைக் குனிந்து நின்றது. கம்போடு விரட்டப் போனேன். அதன் வாய்க்குக் கீழே, கட்டையைச் சுற்றி விரல் நீளத்துக்குப் பச்சை. பக்கத்துத் தூரிலும் இருந்தது. விரட்ட மறந்து நின்றுவிட்டேன். நான் கோபத்தில் நிற்பதாக நினைத்து அவள் சமாதானம் சொன்னாள்:

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. கயித்த அத்துக்கிட்டு வருதுன்னா, உங்க வயல்ல என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்."

மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு முதலாளிக்குப் படம் அனுப்பினேன். லாரிக்காரர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது. அடுப்புக்குப் போகிற புல்லைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற பிழைப்பு நம்முடையது என்று எண்ணிக்கொண்டே, மோட்டாரைப் போட்டு மடையைத் திறந்தேன்.