மஞ்சள் தண்ணீரில் முப்பது முகக்கவசங்கள்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்கு வியர்க்கும். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நோய்க் காலத்தில் ஈப்போவில் எங்கள் புந்தோங் அடுக்குமாடியில் நடந்த அறிவியல் சாதனையை வேறு யாரும் எழுதுவார்கள் என்று தோன்றவில்லை.

நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். கல்யாணங்கள் நின்றுபோனதால் மெஷின் சும்மா கிடந்தது. என்னோடு இருக்கும் தங்கைக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒருநாள் காலையில் சொன்னாள்:

"நாளையிலேருந்து மாஸ்க் இல்லாம உள்ள விடமாட்டாங்களாம்க்கா. எந்தக் கடையிலயும் இல்ல. ஏற்கெனவே ரெண்டு நாள் லீவு. இன்னொரு நாள் போகலன்னா வேலையே போயிரும்."

வெள்ளை லைனிங் துணி இருந்தது. ரப்பர் பட்டை இல்லை, பாவாடை நாடா இருந்தது. மத்தியானத்துக்குள் முப்பது தைத்துவிட்டேன். தங்கைக்குப் போக மீதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பு.

செய்தி கோயில் கமிட்டித் தலைவர் காதுக்கு எட்டியது. அவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் கைப்பேசியில் வரும் வைத்தியச் செய்திகளை ஒன்று விடாமல் படிப்பதால், கிருமி விஷயத்தில் டாக்டர்களே அவரிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்ற அளவுக்கு வளர்ந்திருந்தார்.

"வெறுந்துணிய மாட்டி என்னம்மா பிரயோஜனம்? மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணியில ஊற வைக்கணும்லா. கிருமி வாசப்படியிலேயே செத்துரும்."

தங்கைக்கு உள்ளதையாவது விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, "சரிண்ணே."

முப்பதும் வாளிக்குள் போயின. பொங்கலுக்குக்கூட அவ்வளவு மஞ்சள் வாங்கியதில்லை. பிழிந்து வராந்தாவில் துணிக்கொடி கட்டித் தொங்கவிட்டோம். இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர் கொடிக்கு முன்னால் தோளோடு தோள் உரசி நின்று படம் எடுத்தார்கள். முகம் தெரிய வேண்டும் என்று தலைவர் மட்டும் தன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார். படத்தில் தைத்தவளைக் காணோம். நான்தான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனே.

வழக்கம்போல் சாயங்காலம் ஈப்போ மழை. எதுவும் காயவில்லை. இஸ்திரி போட்டுக் காயவைத்தேன்; மஞ்சள் இன்னும் பளபளப்பாக ஏறிக்கொண்டது.

வேலை முடிந்து வந்த தங்கை ஒன்றைக் கட்டிப் பார்த்தாள். அவிழ்த்தபோது மூக்கிலிருந்து தாடை வரை மஞ்சள்.

"என்னக்கா, வேலைக்கு அனுப்புறியா, நலங்கு வைக்கிறியா?"

"கழுவினா போயிரும்."

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா உனக்கு?"

வேறு வெள்ளைத் துணியும் வீட்டில் இல்லை. அவளுக்கு என்று எடுத்து வைத்ததை மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தண்ணீர் தெளிந்தது. துணி தெளியவில்லை.

மறுநாள் காலை அதையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், இல்லை. முகக்கவசத்தை இறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார்கள். மஞ்சள் காமாலை இல்லை என்று கிளினிக்கில் கடிதம் வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.