பொன்னி போட்ட கையெழுத்து

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சூடம் விற்பவள் பொன்னி. ஞாயிற்றுக்கிழமையானால் செங்கம் ரோட்டுப் பக்கம் தகர ஷெட்டில் நடக்கும் ஜெபத்துக்கும் போவாள். அவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் பார்க்கிறவனுக்குத்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் ஆதிமூலம் ஆட்டோ கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். சொந்தக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கூடவே உட்கார்ந்திருந்தது அந்த ஜெபக்காரர்கள்தான். அன்றிலிருந்து போகிறாள். பிழைத்து வந்த ஆதிமூலம், நீ போ, என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டான்.

ஞானஸ்நானம் மட்டும் அவள் எடுக்கவில்லை. எடுத்தால் பட்டியல் சாதிச் சான்று போய்விடும், மகள் கவிநிலா படிப்பும் அதோடு போகும் என்று தெருவில் பேச்சு. சட்டம் சரியாக என்ன சொல்கிறது என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பாஸ்டர் ஞானஸ்நானத்துக்குப் பேர் எழுத வரும்போது, மகளுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவாள்.

பிளஸ் டூ முடித்த கவிநிலா நர்சிங் சேரச் சாதிச் சான்று கேட்டு இ-சேவையில் பதிந்தாள். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டான், அந்த வீடே மதம் மாறிவிட்டது என்று. வருவாய்த் துறை ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தது.

ஆதிமூலம் அவசர அவசரமாகச் சுவரில் இருந்த வேத வசனக் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டான். அதே ஆணியில் அண்ணாமலையார் படத்தை மாட்டினான். காலண்டர் பெரியது, படம் சின்னது. அடுப்புப் புகை படிந்த சுவரில் படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

ஆர்.ஐ. கவனித்தார். "இங்க என்னம்மா மாட்டியிருந்தீங்க?"

ஆதிமூலம் வாயைத் திறப்பதற்குள் பொன்னி டிரம்மிலிருந்து காலண்டரை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு நீட்டினாள். கவிநிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆர்.ஐ. கெட்டவர் இல்லை. காலண்டர் மாட்டுவது குற்றமில்லை என்று அவரே சொன்னார். கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இப்போதே முடித்துவிடலாம் என்று ஒரு தாளை எடுத்தார்.

"போடு பொன்னி. வெறும் எழுத்துதானே," என்றான் ஆதிமூலம்.

"ஞானஸ்நானம் எடுக்கலைனு போடுறேங்க சார், அது நிஜம். கும்பிடலைனு எப்படிப் போடுவேன்? வாரா வாரம் போயி உக்காந்துட்டு வரேனே."

"பொண்ணு சீட்டு போயிட்டா என்னம்மா பண்ணுவ?" என்றார் ஆர்.ஐ.

பொன்னி மகளைப் பார்த்தாள். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. ஆர்.ஐ. அந்தத் தாளை மடித்து வைத்தார். பிறகு வேறு தாள் எடுத்து, ஜெபத்துக்குப் போகிறாள், ஞானஸ்நானம் எடுக்கவில்லை, புருஷனும் மகளும் இந்து என்று அவரே எழுதினார். பொன்னி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்துச் சான்று வந்தது. சீட்டும் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் நோட்டோடு வீட்டுக்கு வந்தார். இனி என்ன தடை என்றார். கவிநிலாவும், நீ முழுகிட்டு வாம்மா, என் சான்று அப்பாவை வெச்சுதான் என்றாள்.

பொன்னி இழுத்தாள். "எடுக்கலைனு கையெழுத்துப் போட்ட ஈரம் காயலை. இப்பப் போயி எடுத்தா, மனசுல ஒண்ணு வெச்சிக்கிட்டு அந்த மனுசன ஏமாத்தினதா ஆயிடும்."

"ஆண்டவர்கிட்ட வர ஆர்.ஐ.கிட்ட உத்தரவு கேப்பியா நீ?" என்றார் பாஸ்டர்.

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"பேரை எழுதிக்குங்கய்யா," என்றாள் கடைசியில். "கடைசியா எழுதுங்க. அந்த ஆபீசுக்குப் போயி, நான் எடுக்கப் போறேன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து முழுகுறேன்."

பாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். பொன்னி வீட்டுக்குள் போய் அண்ணாமலையார் படத்தைக் கழற்றி, பக்கத்தில் வேறு ஆணி அடித்து மாட்டினாள். காலண்டரைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். சுவரில் இருந்த வெள்ளை மறைந்தது.